ஒரே முகவரி, இரண்டு மாணவிகள்

மகள் போனைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அதுதான் அம்மாவை நிமிர்ந்து பார்க்க வைத்தது. கோபம் வந்தால் சத்தம் போட்டுத் தீர்த்துவிடுகிற பெண் அவள்.

"படிச்சுப் பாரும்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த மின்னஞ்சல். மகள் வெவ்வேறு இணைய வகுப்புகளில் தேறி, இங்கே மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்த பாடங்கள் அத்தனையும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வீட்டு முகவரியிலிருந்து, ஒரே கணினியில், இரண்டு பேர் அதே பாடங்களை ஒருவர் பின் ஒருவராக எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்காக மற்றவர் தேர்வு எழுதினாரா என்று விசாரிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு இருவரும் வீடியோவில் வரவும்.

"ரெண்டு பேருன்னா யாரும்மா? ஒண்ணு நான். இன்னொண்ணு?"

அம்மா போனைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"இன்னொண்ணு உன் பேரு போட்டிருக்கு."

குளியலறையிலிருந்து அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாடியும் பத்து மாடியும் அவருக்கு ஒன்றுதான், வீட்டுக்குள் குரல் உயர்ந்தால் மட்டும் தலை சுற்றும். "காலங்காத்தால என்ன?" என்றார். மகள் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

"நீதான் அவளுக்கு எழுதிக் குடுத்தியா?"

"அப்பா!" மகளின் குரல் உடைந்தது. "நான் எழுதினேம்பா. ஒவ்வொண்ணும் நான்தான் எழுதினேன். மருந்துக்கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து உக்காந்து எழுதினேன். இப்ப நீங்களே என்னைக் கேக்கறீங்க... பாத்தியாம்மா? என் வீட்டுலயே என்னை நம்ப மாட்டேங்கறாங்க. உன்னாலதான்."

ஜன்னலோரம் தலை வாரிக்கொண்டிருந்த நாத்தனார் சீப்பை நிறுத்தினாள். கணவனின் அக்கா. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்துப் பட்டம் வாங்கியவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன் தம்பி. அங்க ரெண்டு பாடம், இங்க மூணு பாடம்னு பொறுக்கிச் சேத்து, மாத்திக்கறேன் மாத்திக்கறேன்னா... டிரான்ஸ்ஃபர்னா எனக்குத் தெரிஞ்சது டி.சி.தான். பள்ளிக்கூடத்த விட்டுப் போறவங்களுக்குக் குடுக்கிறது."

"அத்தை, இப்ப வேணாம்."

"எப்ப வேணும்? ஒரு பட்டத்துக்கே வழியில்ல, இதுல ரெண்டு."

இரண்டு பட்டத் திட்டம் அம்மாவுடையது. முதலாவது கணக்கியல், வேலைக்காக. இரண்டாவது கணினி அறிவியல், மகளின் ஆசைக்காக. கல்லூரிக்கு அனுப்பி ஒன்றைப் படிக்க வைக்கக்கூட வசதி இல்லாத வீடு இது. ஆனால் மொழி, புள்ளியியல், வரலாறு போன்ற பொதுப் பாடங்கள் எந்தப் பட்டத்துக்கும் வேண்டியவை. அவற்றை மலிவான இணைய வகுப்புகளில் முடித்து, தேறியதற்கான கிரெடிட்டுகளைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிட்டால், கடைசிப் பகுதியை மட்டும் அங்கே படித்தால் போதும். இரண்டாவது பட்டத்துக்கும் அதே பொதுப் பாடங்கள் செல்லும். அஸ்திவாரம் ஒன்று, வீடு இரண்டு என்று அவள் மகளுக்கு விளக்கியிருந்தாள். இப்போது அஸ்திவாரத்திலேயே கை வைத்துவிட்டார்கள். அது போனால் இரண்டும் போய்விடும். அடுத்த மாதம் வகுப்பு தொடங்குகிறது.

"சொல்லேன், ஏன் எழுதினே?" என்றார் கணவர்.

"எழுதிப் பாத்தாதான தெரியும்" என்றாள் அவள், மேசையைப் பார்த்தபடி. "எந்தப் பாடத்த ஏத்துக்குவாங்க, எத தள்ளிடுவாங்கன்னு அவங்க முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. ஒரு ஆளு படிச்சு, தேறி, அனுப்பினாதான் பதில் வரும். குட்டி அனுப்பி, இது செல்லாதுன்னு சொல்லிட்டா அவ உழைப்பு வீணாப் போயிடும். அதான் நான் முதல்ல..."

அவள் வேலை ஒரு மருத்துவமனைச் சமையலறையில். நோயாளிகளுக்குத் தட்டுகள் போகும் முன் ஒரு தட்டைத் தனியே எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். உப்பில்லாத சூப், வேகவைத்த காய், கஞ்சி. தான் சாப்பிடாத எதையும் அடுத்தவர் வாயில் வைக்க அவளுக்குக் கை வராது. பாடங்களும் அவளுக்கு அப்படித்தான் பட்டன. அதைப் பல்கலைக்கழகம் எப்படிப் பார்க்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நாத்தனார் எழுந்து வந்து போனை எடுத்தாள். மின்னஞ்சலின் அடியில் இரண்டு பேரின் பாடங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அலுவலகக் கண்களால் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஊட்டச்சத்து அறிவியல்... இது குட்டியோடதுல இல்லையே. கணக்கியலுக்கும் வேணாம், கம்ப்யூட்டருக்கும் வேணாம். இத யாருக்காக எழுதிப் பாத்தே?"

அம்மாவின் முகம் சிவந்தது. திருடிய பொருளோடு பிடிபட்டவளைப் போல நின்றாள்.

"ஓ..." என்றாள் நாத்தனார். "அம்மாவுக்கும் பட்டம் வேணுமா? பொண்ணு பேரச் சொல்லிக்கிட்டு..."

"அப்படியாம்மா?" என்றாள் மகள். அந்தக் கேள்வியில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரு எழுதினா பிரச்சனை வரும்னு நானாவது சொல்லியிருப்பேன்."

அம்மா பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள். மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

சமையலறையில் அன்று மூன்று தட்டுகளைச் சாப்பிட்டுப் பார்த்தாள். மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டாள். எதன் ருசியும் நாக்கில் நிற்கவில்லை. இடைவேளையில் உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரில் யாருடைய ஏப்ரனோ தொங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளை அரித்தது. முதல் சில பாடங்கள் மகளுக்காகத்தான். அப்புறம் என்றைக்கோ, எந்தப் பக்கத்திலோ, படிப்பது பிடித்துப்போயிற்று. சிறுநீரகம் கெட்டவருக்கு உப்பை ஏன் குறைக்கிறோம் என்று வருஷக்கணக்காகத் தெரியாமல் குறைத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் திரையில் அதன் காரணத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இப்போது மகள் விலை கொடுக்க வேண்டுமா?

போனை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். நாலே வரி. என் பெயரில் உள்ள எல்லாப் பாடங்களையும் விலக்கிக்கொள்கிறேன். தவறு என்னுடையது. என் மகளுக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவளுடையதை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். அனுப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனாள்.

இரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். கணவர் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். நாத்தனார் தலைவலி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆனால் தலைவலிக்காரியின் முகமாக அது இல்லை. அம்மாவும் மகளும் கணினி முன்னால் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தோள்கள் படாமல் உட்கார இருவரும் பாடுபட்டார்கள்.

திரையில் வந்தவள் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண், பதிவாளர் அலுவலக அதிகாரி. இருவரின் அடையாள அட்டைகளையும் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "காலையில நீங்க ஒரு மெயில் அனுப்பியிருக்கீங்க" என்றாள்.

"ஆமாங்க."

"என்ன மெயில்?" என்றாள் மகள்.

அதிகாரி அந்த நாலு வரியையும் படித்தாள். "தவறு என்னுடையது" என்ற இடத்தில் மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"என்ன தப்பும்மா? நீ என்ன தப்பு பண்ணினே?"

"சும்மா இரு குட்டி. மேடம் பேசறாங்க."

"இருக்க மாட்டேன். மேடம், எங்கம்மா எனக்காக எதுவும் எழுதல. நான் இவங்க மேல கோவமா இருக்கேன், அது வேற. ஆனா இவங்க எழுதினது இவங்களோடது, நான் எழுதினது என்னோடது."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அதிகாரி. குரல் கடுமையாக இல்லை, மென்மையாகவும் இல்லை. "ஒரே ஆள் ரெண்டு பேருக்கும் எழுதியிருந்தா தப்பும் ஒரே மாதிரி இருக்கணும். அதனால சரியான பதில்களை விட்டுட்டு, ரெண்டு பேரோட தப்பான பதில்களை மட்டும் அந்த வகுப்பு நடத்தினவங்ககிட்ட வாங்கிப் பாத்தோம். ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமே இல்ல." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "புள்ளியியல்ல நீங்க முதல் தடவையே நல்ல மார்க் எடுத்திருக்கீங்கம்மா. உங்க அம்மா ரெண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவை தட்டுத் தடுமாறி பாஸ். தனக்கு வராத பாடத்த உங்களுக்கு எப்படி எழுதித் தர முடியும்?"

அம்மா தலை குனிந்தாள். இது வெளியே வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. பின்னால் நாத்தனார் நிற்கிறாள்.

"ரெண்டு தடவையா?" மகள் மெதுவாகக் கேட்டாள். "நிகழ்தகவு பகுதிய ரெண்டு தரம் படி, அங்கதான் கேள்வி சுத்தி வளைச்சு வரும்னு சொன்னியே... நான் உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டப்ப, தோணிச்சுன்னு சொன்னே."

"தோணிச்சுதான்."

"ஃபெயிலாகித் தோணிச்சா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"உங்க பாடங்கள் எல்லாம் விடுவிச்சாச்சு" என்றாள் அதிகாரி மகளிடம். "வகுப்புல சேரலாம். இனிமே வீட்டுல ரெண்டு பேர் படிக்கிறதா இருந்தா எங்களுக்கு முன்னாடியே தெரிவிச்சுடுங்க." பிறகு அம்மாவிடம் பேச்சைத் திருப்பினாள். "உங்க விஷயம் பாக்கி இருக்கு. விலக்கிக்கறேன்னு நீங்களே கேட்டிருக்கீங்க. இப்ப அதுக்குத் தேவை இல்ல. ஆனா கேட்டதுனால நான் உங்க வாயால பதில் வாங்கியாகணும். விலக்கிட்டா இந்தப் பாடங்கள மறுபடி இங்க ஏத்துக்க மாட்டோம். என்ன சொல்றீங்க?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். கணவரின் முகத்தில் இருந்ததை அவள் அறிவாள். பெண்ணுக்குத்தான் கிடைத்துவிட்டதே, இத்தோடு விடு, வம்பு வேண்டாம். கெட்ட எண்ணம் இல்லை, பயம். அவளும் அந்தப் பயத்தோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாள். எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே தன்னுடையதை எடுத்து வைத்துவிடுவாள். காலையிலும் அதைத்தான் செய்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழகிய சொல்.

மகள் மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றாள் அம்மா.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பதிவாகணும்."

"இல்லீங்க. விலக்கிக்கல. அது என்னோடது."

"சரி." அதிகாரி ஏதோ தட்டினாள். "தவறு என்னுடையதுன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. அதையும் நீக்கிடலாமா?"

அம்மா சற்று யோசித்தாள். "நீக்கிடுங்க."

திரை அணைந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. முதலில் பேசியது மகள்.

"காலையில என்னென்னமோ சொல்லிட்டேன்மா."

"சொன்னதுல பாதி சரிதான். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். உன் பங்குலேர்ந்து எடுத்துத் தின்ன மாதிரி கூச்சமா இருந்துச்சு... அதான் வாய் வரல."

"என் பங்கா? ரெண்டு தடவை தோத்து எனக்கு வழி போட்டுக் குடுத்துட்டு, என் பங்குங்கறியே..." மகளால் அதற்குமேல் பேச முடியவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தன் கண்களில் நீர் வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். படிக்கணும்னு ஆசையா இருக்குன்னு சொன்னா, நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுக்க வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவளின் முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் குற்றச்சாட்டு இல்லை, தெரிந்ததைச் சொன்ன நிதானம் மட்டுமே இருந்தது.

"ஆமா" என்றார் கடைசியில். "சொல்லியிருப்பேன்."

அந்த ஒரு சொல்லில்தான் அவள் உடைந்தாள். காலையிலிருந்து வராத அழுகை, குரலோடு வந்தது. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். மகள் பயந்துபோய், "அம்மா, அம்மா... எல்லாம் முடிஞ்சுடுச்சும்மா, அழாதே" என்று உலுக்கினாள்.

நாத்தனார் அருகில் வந்தாள். தம்பி மனைவியின் முதுகில் கை வைக்கலாமா என்று தயங்கி, நாற்காலியின் விளிம்பில் வைத்தாள்.

"விடு குட்டி, அழட்டும்" என்றாள். "காலையிலேர்ந்து நாம மூணு பேரும் மாத்தி மாத்தி அவளைப் பேசிட்டோம். இப்ப அவ முறை."