கம்பி நுனியில் செந்தூள்

குமிழி நடுவில் நிற்க மறுத்தது.

முக்காலியின் கால்களை மணலுக்குள் மிதித்து இறக்கி, மேலே அளவுக்கருவியைப் பொருத்தி, அடித்திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, அந்தச் சின்னக் காற்றுக்குமிழியை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து ஹில்மி மூச்சு விடுவதற்குள், அது ஒரு துள்ளு துள்ளி ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. ஐந்தாறு நொடி கழித்து மறுபடியும் ஒரு துள்ளல். காற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்றுக்குக் குமிழி நடுங்கும், துள்ளாது. பதினெட்டு வருடம் நிலம் அளந்தவனுக்கு அந்தத் துள்ளல் என்னவென்று தெரியும். பக்கத்தில் யாராவது சம்மட்டியால் கம்பி அடித்தால்தான் குமிழி அப்படித் துள்ளும்.

பக்கத்தில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பாலைவனத்துக் கம்சீன் மணற்காற்று விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டதால் வானம் முழுக்கக் காவி நிறம். சூரியன் இருக்கும் இடம் தெரியவில்லை. நாக்கில், பல்லிடுக்கில், கண்ணிமைக்குள் எல்லாம் மணல். புதிய குடியிருப்புக்கு மனை பிரிக்கும் அந்த வெட்டவெளியில், அறுபது அடி தள்ளி நிறுத்திய வண்டியே மங்கலான ஒரு கட்டியாகத்தான் தெரிந்தது.

வண்டிக்குள் ஓஸ்தா தெசூக்கி உட்கார்ந்திருந்தார். அளவைக் குழுவின் ஓட்டுநர், வயது அறுபதுக்குப் பக்கம். வரும் வழியெல்லாம் அவர் வாயை மூடவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க இன்ஜினியரே. செத்துப்போன நம்ம கூலிக்காரன் ஷாஸ்லி பயலா கம்பிய நாலு மீட்டர் தள்ளி அடிச்சான்? அவன் காலே ஒரு டேப்பாச்சே. நூத்திப் பத்து எட்டு நடந்து நூறு மீட்டர்னு சொல்வான், நீங்க கருவி வச்சுப் பாத்தா ஒரு சாண் கூட வித்தியாசம் இருக்காது. அவனா இடம் மாத்தி அடிச்சான்?"

"வாக்குமூலத்துல சொல்லிட்டேனே ஓஸ்தா. நான் குறிச்ச இடம் வேற. அவன் அடிச்ச இடம் வேற."

"சொன்னீங்க, சொன்னீங்க." ஓஸ்தா ஜன்னல் வழியாகத் துப்பினார். "அவன் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழுவுது. குடிச்சிட்டு அடிச்சானாமே, உண்மையான்னு கேக்குது. ரம்ஜான்ல மட்டுமில்ல, எப்பவுமே அந்தப் பய தேத்தண்ணிக்கு மேல எதையும் தொட்டதில்ல. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

ஓஸ்தா வேறு கதைக்குத் தாவினார். மின்சாரக்காரர்கள் செவ்வாயன்றே வந்து, எரிந்த கேபிள் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கேபிளைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய்ப் புதைத்து, செங்கல்லும் அடுக்கி மூடிவிட்டுப் போய்விட்டார்களாம். ஹில்மியின் காதில் அது சரியாக விழவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அரசு வழக்கறிஞர் ஆட்களோடு வந்து இடத்தை அளக்கப் போகிறார். அதற்குள், எரிந்த இடத்திலிருந்து நாலு மீட்டர் கிழக்கே, ஹில்மி குறித்ததாகச் சொன்ன இடத்தில், அன்றே நட்ட அடையாளம் போல ஒரு கம்பி நிற்க வேண்டும். நின்றால் செத்தவன் குற்றவாளி. நிற்காவிட்டால் ஹில்மிக்குச் சிறை. அவன் மனது இது ஒன்றிலேயே ஒட்டிக்கிடந்தது.

"நீங்களும் வாங்களேன், கம்பியப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்" என்று இறங்கும்போது கேட்டான்.

"அந்த மண்ணுல நான் கால் வைக்க மாட்டேன் சாமி. நீங்க கூப்பிட்டுக் கத்துனா ஓடி வாரேன். அதுவரைக்கும் இங்கயே இருக்கேன்."

இப்போது குமிழி மூன்றாவது முறையும் துள்ளியது. ஹில்மி கருவியை விட்டு நகர்ந்தான். இன்றைக்குக் கருவி எதற்கு, டேப் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெட்டிய கட்டடக் கம்பியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு நடந்தான்.

எரிந்த இடம் இன்னும் கறுப்பாகத்தான் கிடந்தது. மணல் உருகி, பாகு காய்ந்தாற்போலக் கட்டி கட்டியாகக் கண்ணாடியாகியிருந்தது. பதினோரு நாள் ஆகியும், இவ்வளவு காற்றடித்தும், அந்த வாடை போகவில்லை. கருகிய ரப்பர், அதற்கு அடியில் இன்னொன்று. அந்த இன்னொன்று என்னவென்று ஹில்மிக்குத் தெரியும். சட்டைக் கழுத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு டேப்பைப் பிடித்தான். நாலு மீட்டர். கிழக்கே. காற்று அங்கே மணலை வாரி மெழுகி வைத்திருந்தது. குழி தோண்டிய தடமோ, காலடியோ எதுவும் இல்லை.

இந்தப் பக்கத்து மணலில் சின்ன முளை நிற்காது, ஒரு காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் இடுப்புயரக் கம்பியை வெட்டி அடிப்பது இங்கத்திய வழக்கம். முக்கால் கம்பி உள்ளே, கால் கம்பி வெளியே. அவன் கம்பியைக் கையால் ஊன்றி அடித்தான். டிங். சுலபமாக இறங்கியது. டிங். டிங். முழங்கை ஆழம் போயிருக்கும், கம்பி நின்றது. இன்னொரு அடி போட்டான். உள்ளே ஏதோ நொறுங்கும் உணர்வு கைக்கு வந்தது.

அந்த உணர்வு அவனுக்குத் தெரிந்த உணர்வு.

கம்பியை ஆட்டி ஆட்டி வெளியே உருவினான். நுனியைத் திருப்பிப் பார்த்தான். சிவப்புத் தூள். கம்பி நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு, ஈரமில்லாத, மாவு போன்ற செந்தூள்.

பாலைவனத்தில் செங்கல் விளையாது. மண்ணுக்குள் செங்கல் இருந்தால் அது யாரோ வைத்தது. கேபிளுக்கு மேலே, தோண்டுகிறவனை நிறுத்துவதற்காக, வரிசையாக அடுக்கி வைப்பது. அளவைக்காரன் எவனும் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்வது இது.

அன்றைக்கும் ஷாஸ்லி இப்படித்தான் கம்பியை உருவி, நுனியை அவனிடம் தூக்கிக் காட்டினான். சிரித்துக்கொண்டேதான் காட்டினான்.

"செங்கல், இன்ஜினியரே."

மணி ஒன்பதரை. பத்துக்கு மேல் மணல் கொதித்துக் கானல் கிளம்பினால் கருவியில் குறி நெளியும். அப்புறம் அன்றைய வேலை அவ்வளவுதான். இன்னும் பதினேழு கம்பி பாக்கி. வரைபடத்தில் கேபிள் ஆறு மீட்டர் தள்ளி ஓடியது. வரைபடம் பொய் சொல்லாது என்று ஹில்மி நம்பினான். அல்லது நம்ப விரும்பினான்.

"எவனோ கட்டடக் குப்பையக் கொட்டியிருப்பான். அடி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சிவப்பா இருக்கு."

"டேய், நீ இன்ஜினியரா நான் இன்ஜினியரா? அடி."

ஷாஸ்லி அடித்தான்.

வெள்ளை வெளிச்சம். சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. ஷாஸ்லியின் உள்ளங்கைத் தோல் சம்மட்டிக் கட்டையோடு போய்விட்டது, முகத்தின் ஒரு பாதி கறுத்துவிட்டது, ஆனால் அவன் சாகவில்லை. எழுந்து நின்றான். கேபிள் மண்ணுக்குள் உறுமிக்கொண்டிருந்தது. அப்படி மின்சாரம் கசியும் மண்ணில் காலை அகட்டி வைக்கக் கூடாது. ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயும் இருந்தால் அது இந்தக் காலில் ஏறி அந்தக் காலில் இறங்கும். இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தூக்காமல், தேய்த்துத் தேய்த்து வெளியே வர வேண்டும். வருடா வருடம் பாதுகாப்பு வகுப்பில் இன்ஜினியர்களுக்குச் சொல்லித் தருவார்கள். கூலிக்காரர்களை அந்த வகுப்புக்கு அழைப்பதில்லை. ஹில்மி பாதங்களை ஒட்டி வைத்தான். தேய்த்துத் தேய்த்துத் தன்னை வெளியே கொண்டுவந்தான். தனக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது. ஷாஸ்லி கண் தெரியாமல் கையை நீட்டித் தடவியபோது, ஹில்மியின் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஓடி வா!"

ஷாஸ்லி அந்தக் குரலை நம்பி ஓடி வந்தான். நூத்திப் பத்து எட்டுக்கு நூறு மீட்டர் போடும் கால். இரண்டு எட்டுதான் வைத்தான்.

ஹில்மி கம்பியைக் கீழே போட்டான். கேபிளை இந்தப் பக்கமாகத்தான் வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஓஸ்தா சொன்னாரே, சொன்னாரே என்று மனது அடித்துக்கொண்டது. இந்த இடம் வேண்டாம். கம்பியும் வேண்டாம். வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவன் திரும்பினான். இரண்டு, மூன்று எட்டு வைத்தான்.

டிங்.

பின்னால்.

நின்றான். காற்று கொஞ்சம் தணிந்தது. கருகல் வாடை மூக்கை அடைத்தது. நான் சம்மட்டியை எங்கே வைத்தேன் என்று யோசித்தான். கையில் இல்லை.

டிங்.

திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே திரும்பினான். அவன் கீழே போட்ட கம்பி மணலில் நட்டுக்குத்தாக நின்றது. யாரும் இல்லை. காவித் தூசி மட்டும். கம்பி ஒரு சாண் இறங்கியது.

"வேண்டாம்" என்றான் ஹில்மி. "ஷாஸ்லி. வேண்டாம்டா."

டிங்.

வெள்ளை.

கண் திறந்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். காதில் ஒரே ஊளை. கம்பி இருந்த இடத்தில் நீலத் தீ ஆளுயரத்துக்கு நின்று கத்தியது. மணல் உருகித் தெறித்தது. ஒரு சொட்டு அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, எலும்பைத் தேடியது. அவன் அலறினான். ஆனால் கால்கள் கெட்டிக்காரக் கால்கள். தானாகவே ஒட்டிக்கொண்டன. காலணிக்கடியில் மண் கிணுகிணுத்தது. பல் கூசியது.

தேய். கொஞ்சம் தேய். தூக்காதே.

அரை சாண் நகர்ந்தான். இன்னும் அரை சாண்.

அப்போது வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இன்ஜினியரே! இன்ஜினியரே!" ஓஸ்தா தெசூக்கி தூசியைக் கிழித்துக்கொண்டு வந்தார். தலைத்துணி கழன்று தோளில் கிடந்தது. இந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்ற கிழவர், கத்தினால் வருவேன் என்று சொன்னபடியே வந்தார். பத்தடி தூரத்தில் ஒரு கணம் தயங்கி நின்றார். "எப்படி வரட்டும்? சொல்லுங்க, எப்படி வரட்டும்?"

நில்லுங்க. காலை ஒட்டி வைங்க. அங்கேயே நில்லுங்க. ஹில்மிக்கு எல்லாம் தெரியும். இந்தத் தடவை சொல்லிவிடுவான். ஆண்டவன் மேல் ஆணையாக, இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிடுவான். வாயைத் திறந்தான். வாய் முழுக்க மணல்.

"ஓடி வா!"

அது அவன் குரல். ஆனால் அவன் வாயிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஓஸ்தா ஓடி வந்தார்.

முதல் எட்டில் அவர் முகம் கோணியது. இரண்டாவது எட்டில் முதுகு வில்லாக வளைந்து, நாக்கு பல்லுக்கிடையில் அறுந்து, தாடியெல்லாம் ரத்தம். மண்ணில் முகம் குப்புற விழுந்தார். கைகள் மணலை அள்ளி அள்ளிப் போட்டன. செருப்பிலிருந்து புகை வந்தது. அப்புறம் அள்ளவில்லை.

தீ அணைந்தது. உறுமல் நின்றது. காற்றும் நின்றது.

ஹில்மி பாதங்களை ஒட்டி வைத்தபடியே நின்றான். எடுத்து வைக்கலாமா? மண் செத்துவிட்டதா? தெரியாது. கண்ணீர் மட்டும் வந்தது.

சர்ர்.

பின்னால் மணலில் ஏதோ தேய்ந்தது.

சர்ர்.

எட்டு வைத்து நடப்பவன் சத்தம் இல்லை. இரண்டு பாதமும் ஒட்டி. தூக்காமல். பொறுமையாக. எவனோ இப்போது கற்றுக்கொண்டுவிட்டான்.

ஷாஸ்லி அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். பாதி முகம். உதடில்லாத பக்கத்தில் பல் வரிசை. தோல் இல்லாத கைகளில் கம்பி. அவன் தோளுக்குப் பின்னால், மணலில் கிடந்த ஓஸ்தா முழங்கை ஊன்றி எழுந்தார். அவரும் பாதங்களை ஒட்டி வைத்தார். சர்ர். குனிந்து சம்மட்டியை எடுத்துக்கொண்டார். சர்ர்.

ஷாஸ்லி கம்பியின் நுனியைத் தூக்கி ஹில்மியிடம் காட்டினான். செந்தூள்.

"செங்கல், இன்ஜினியரே."

அவன் காத்திருந்தான். ஹில்மி வாயைத் திறந்தான். மணல்தான் உதிர்ந்தது.

ஷாஸ்லி குனிந்தான். கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தான். அதன் நுனியை, ஒட்டியிருந்த இரண்டு காலணிகளுக்கும் நடுவில், இரண்டு பாதத்தையும் சேர்த்துத் தைக்கும்படி பார்த்துப் பதமாக வைத்தான். இடம் ஒரு சாண் கூடத் தவறவில்லை. ஓஸ்தா சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினார். தாடியிலிருந்து ரத்தம் சொட்டியது. இருவரும் உத்தரவுக்காக அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்கள்.

முதுகுக்குப் பின்னால், அவசரத்தில் இருக்கும் அவனுடைய குரலே சொன்னது.

"அடி."