யாரும் கழற்றாத பூட்டு

வேலை முடிந்து இரண்டு பேரும் மேலே போயாகிவிட்டது. கொக்கியில் ஒரு பூட்டு மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

ரத்னவேல் டார்ச்சை அதன்மேல் அடித்துப் பார்த்தான். ஃபேரர் பார்க் பக்கத்தில் ஆறு மாடிக் கடைக் கட்டடம், அதன் இரண்டாம் அடித்தளத்தில் சன்னலே இல்லாத மின்சார அறை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. மேலே தெருவில் வாரமெல்லாம் உழைத்த சனம் தோளோடு தோள் இடித்து நடக்கும், வாழைப்பழமும் போன் கார்டும் விற்கும், வெயில் கொளுத்தும். கீழே பகல் என்று ஒன்று இருப்பதற்கான தடயமே கிடையாது. பராமரிப்புக்காக மெயின் பிரேக்கரைக் காலை ஏழு மணிக்கே அணைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஓடிய ஜெனரேட்டர்தான் ஓரிரு அவசர விளக்குகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டு, தரையையும் சுவரையும் அவன் பற்களையும் சேர்த்து அதிரவைத்துக்கொண்டிருந்தது.

பிரேக்கரின் கைப்பிடியை எவனும் மேலே தூக்க முடியாதபடி ஓர் இரும்புக் கொக்கி. உள்ளே இறங்குகிற ஒவ்வொருவனும் தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபின் அவனே கழற்ற வேண்டும், வேறொருவன் தொடக் கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று பொருள். இதைத் தினமும் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் போதிக்கிற மகானே ரத்னவேல்தான். கம்பெனியின் பாதுகாப்புப் பொறுப்பாளர். முதுகில் அப்படி எழுதிய பச்சை அங்கி, மாதம் ஒரு பாராட்டு, எல்லாம் உண்டு.

வாக்கி-டாக்கியை எடுத்தான்.

"ஜோனா, பூட்டை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேண்ணே. இருதயராஜ் அண்ணனும் எடுத்துட்டாரு. ரெண்டும் என் பையிலதான் கிடக்கு."

"அப்ப இது யாருதுடா?"

"எது?"

அதற்குமேல் கரகரப்புதான் வந்தது. அடித்தளத்தில் வாக்கி இப்படித்தான், வேண்டும்போது கழுத்தறுக்கும். ரத்னவேல் குனிந்து பூட்டைத் திருப்பினான். சிவப்புப் பூட்டு. அதன் வளையத்தில் நீல டேப் மூன்று சுற்று சுற்றியிருந்தது.

அவன் கை தானாகப் பின்னால் வந்தது.

நீல டேப் சுற்றுகிறவன் கம்பெனியில் ஒருத்தன்தான் இருந்தான். சேவியர். தன் பூட்டு மற்றவர்கள் பூட்டோடு கலந்துவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. இதே அறையில், இதே மின்பலகையின் பின்னால், எட்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போனவன்.

அன்றும் ஞாயிறு. அன்றும் பூட்டு தொங்கியது. கடைக்காரர்கள் கரண்டு கேட்டுக் கத்தினார்கள். மணி பத்தைத் தாண்டியிருந்தது. பத்து மணி என்றால் சேவியர் சர்ச்சுக்குப் பூசை பார்க்கப் போய்விடுவான், அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பையன் பூட்டைக் கழற்ற மறந்துவிட்டு ஓடியிருக்கிறான் என்று ரத்னவேல் முடிவு கட்டினான். பலகையின் பின்னால் போய் ஒரு குரல் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? பத்து வினாடி. அந்தப் பத்து வினாடி அவனிடம் இல்லையாம். இரும்புவெட்டியை எடுத்துப் பூட்டை நறுக்கினான், கைப்பிடியைத் தூக்கினான். சேவியர் அன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை. வேலையை முடித்துவிட்டு மாலைப் பூசைக்குப் போகலாம் என்று உள்ளேயே இருந்திருக்கிறான்.

வெட்டிய பூட்டை ரத்னவேல் அன்று சாயங்காலமே கால்வாயில் எறிந்தான். விசாரணைக்கு வந்தவர்களிடம் வாய் கூசாமல் சொன்னான்: "அவன் பூட்டே போடல சார்." சேவியரின் மனைவி ஆனி தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள். "அவரு அப்படிப் பண்ண மாட்டாருண்ணே. வீட்டுல ஃபேன் மாட்டுறதுக்கே ரெண்டு தடவை மெயின அணைச்சுப் பாப்பாரு. பிள்ளைய ஸ்கூல்ல கேலி பண்றாங்க, ஒங்கப்பா சொந்த முட்டாள்தனத்துல செத்தாருன்னு. என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்கண்ணே." அவன் "விதிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த ஒரு வார்த்தையை எழுதினால் வேலை போகும், சிறைக்குப் போக நேரும். செத்தவனுக்கு இனி என்ன போகப்போகிறது? காலைப் பாடத்தில் சேவியரின் படத்தைக் காட்டி, "பூட்டுப் போடாதவன் கதியப் பாருங்க" என்று சொல்லும் அளவுக்கு அவனுக்குத் துணிச்சல் வந்திருந்தது. அடப்பாவி!

கைப்பேசி ஒலித்தது. கட்டட மேலாளர் உமாமகேஸ்வரி.

"ரத்னவேல், மூணரைக்கு பவர் வேணும்னு சொன்னேன்ல? ஐஸ்கிரீம் கடைக்காரர் என் தலைய உருட்டறாரு லா."

"அஞ்சு நிமிஷம் மேடம். ஒரு பூட்டு மட்டும் இருக்கு."

"யாரோடது?"

அவன் இணைப்பைத் துண்டித்தான்.

எவனாவது விளையாடுகிறான். அப்படித்தான் இருக்க வேண்டும். சிவப்புப் பூட்டும் நீல டேப்பும் முஸ்தபா கடையில் கிடைக்காதா என்ன? இரும்புவெட்டி மேசைக்கடியில் கிடந்தது. அதைப் பார்த்தான். தொடவில்லை. இன்னொரு தடவை தன்னால் முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜெனரேட்டரின் உறுமலுக்குக் கீழே, பலகையின் பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு போல்ட்டை ஸ்பேனரால் இறுக்குகிற சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

"யாரு உள்ள?"

சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

வேறு கம்பெனி ஆளாக இருக்கலாம். விளக்குப் போட வந்தவன் எவனாவது சொல்லாமல் நுழைந்திருக்கலாம். இந்தத் தடவை பார்த்துவிட வேண்டும், பத்து வினாடிதானே. ரத்னவேல் வாக்கியையும் கைப்பேசியையும் மேசைமேல் வைத்தான். தன் பூட்டு அலுவலகத்தில் கிடந்தது. எட்டு மாதமாக அவன் அதைத் தொட்டதில்லை, போதிக்கிறவனுக்குப் பூட்டு எதற்கு? எப்படியும் ஒன்று தொங்குகிறதே, அது போதும் என்று நினைத்துக்கொண்டு பலகையைச் சுற்றிப் பின்னால் போய், கேபிள்கள் இறங்கும் குறுகலான அறையின் இரும்புக் கதவைத் திறந்து, வயிற்றை உள்ளிழுத்துப் பக்கவாட்டில் நுழைந்தான்.

உள்ளே புதுப் பெயின்ட்டின் வாசனை. அன்றைக்கு நடந்ததை மறைக்க அடித்த பெயின்ட். அதற்கடியில், எட்டு மாதமாகியும் போகாத இன்னொரு வாசனை, சட்டியில் அடிப்பிடித்த கறியின் வாசனை. கரண்டு பாய்கிற செப்புத் தகடுகள் அவன் மார்புக்கு ஒரு சாண் தள்ளி வரிசையாக நின்றன. முதுகில் சுவர் சில்லிட்டது. டார்ச் வெளிச்சம் கேபிள்கள்மேல் வழுக்கிப் போய், மூலையில் ஒரு முதுகின்மேல் நின்றது.

ஆரஞ்சு மேலங்கி. வலது தோள் முழுக்கக் கருகியிருந்தது.

அவன் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ரப்பர் விளிம்பு பொருந்தும் ஓசை.

"இன்னும் ரெண்டு போல்ட்டுதாண்ணே," என்றது அந்த முதுகு. சேவியரின் குரல். எப்போதும்போல் மரியாதையான குரல்.

ரத்னவேல் பின்னால் கை நீட்டிக் கதவைத் தள்ளினான். அசையவில்லை. உள்பக்கம் கைப்பிடி இல்லை.

காற்றுத் துளையின் வழியாக ஓர் ஒளி. யாரோ அறைக்குள் வந்திருக்கிறார்கள். ஜோனா. வாக்கியில் கத்திப் பேசினான்.

"மேடம், இங்க பூட்டு எதுவும் இல்ல மேடம். கொக்கி காலியா இருக்கு."

காலியா?

"அண்ணனக் காணோம். தேக்கா மார்க்கெட்டுல டீ குடிக்கப் போயிருப்பாரு. ஞாயித்துக்கிழமைன்னா மூணு மணிக்கு மேல போவாரு, எல்லாருக்கும் தெரியும்."

"ஜோனா!" ரத்னவேல் அலறினான். ஜெனரேட்டர் அந்தக் குரலை விழுங்கியது. "நான் உள்ள இருக்கேன்டா!" கதவை முட்டியால் குத்தினான். தோல் கிழிந்தது. தடித்த இரும்பு.

"பர்மிட்டு இருக்கு மேடம். எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போயிருக்காரு."

ஆமாம், போட்டிருந்தான். காலை ஏழு மணிக்கே. வேலை தொடங்கும்போதே முடிந்ததற்கும் சேர்த்துப் போட்டுவிடுவதுதான் அவன் பழக்கம்.

"அப்ப போடுங்க லா," என்றாள் உமாமகேஸ்வரி.

காலடி. பலகையின் முன்பக்கம். கொக்கியைக் கழற்றும் ஓசை.

"பூட்டு இருக்குடா!" ரத்னவேலின் தொண்டை கிழிந்தது. "நல்லாப் பாருடா! நீல டேப்பு! சேவியர் பூட்டுப் போட்டிருந்தான்டா! அவன் போட்டிருந்தான்! நான்தான்டா வெட்டினேன்! நான்தான்!"

எட்டு மாதம். கேட்க வேண்டியவள் தூத்துக்குடியில். கேட்டது இரும்பு.

டக். கடைசி போல்ட்.

ஸ்பேனர் சத்தம் ஓய்ந்தது. வெளியே, கைப்பிடி மேலே ஏறத் தொடங்கும் கிரீச்.

சேவியர் திரும்பினான். முகம் என்று சொல்ல அங்கே அதிகம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ரத்னவேலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சுவரோடு சுவராக ஒருக்களித்து ஒட்டிக்கொண்டு, தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.