திருக்கையின் கண்ணில் இருந்த இழை

காலையில் திருக்கை மீனின் இடக்கண்ணிலிருந்து இரண்டு இழைகள் தொங்கின. மத்தியானம் வீரபாகு ஐஸ் தட்டின் மேலிருந்த ஈரச் சாக்கை விலக்கியபோது ஒன்றுகூட இல்லை. கண்ணின் நடுவில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை மட்டும் இருந்தது.

"அது நூல் இல்லப்பா, முட்டைப் பை," என்று காலேஜ் விலங்கியல் டீச்சர் கமலவேணி நேற்றே சொல்லியிருந்தார். "ஒட்டுண்ணி கண்ணுக்குள்ள தலைய பொதச்சிக்கினு இருக்குது. ஆழ்கடல் மீனு, இன்னொண்ணு கெடைக்காது. நாளன்னிக்கி மெட்ராஸ் ஆராய்ச்சிக்காரரு அதப் பாக்கத்தான் வர்றாரு. பத்திரமா இருந்தா உன்ன பர்மனன்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

இன்று இழையைக் காணோம் என்றதும் அவர் குரல் மாறிவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள தேடி வை. இல்லன்னா தறிக்கே திரும்பிப் போயிடு."

தறியை விட்டு லேப் அட்டெண்டராக வந்து ஆறு வருஷம். டெம்பரரி என்ற வார்த்தை ஒன்றுதான் இதுவரை அவனிடம் நிரந்தரமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டும் நேரத்தில் ஏதாவது ஒன்று வந்து கெடுக்கும். இப்போது ஒரு பூச்சி. ஐஸ் உருகி வாளியில் சொட்டும் சத்தமும், தெருக்கோடித் தறியின் தடக் தடக்கும், உப்பும் துருவும் கலந்த வாடையும் சூழ, தட்டின் அடியிலும் தொட்டியிலும் மேஜைக் காலடியிலும் அவன் தவழ்ந்து தேடினான். இடக்கண் உறுத்திக்கொண்டே இருந்தது. வாடைதான் என்று கசக்கிவிட்டான்.

கசக்கிய விரலைப் பார்த்ததும் காலை நடந்தது ஞாபகம் வந்தது.

சாக்கு இழுத்ததில் மீன் கண்ணில் தொங்கிய ஒரு இழை அறுந்திருந்தது. அறுந்த இழையைக் கண்டால் நெசவுக்காரன் கை சும்மா இருக்காது. விரலை நாக்கில் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினான். பிடிக்கவில்லை. மறுபடி நாக்கில் தொட்டு முறுக்கினான், பிடித்தது. உப்புக் கரித்தது. அவ்வளவுதான், வேலையில் மறந்துபோனான்.

தறிச் சத்தம் நின்றிருந்தது.

கண்ணுக்குள் ஏதோ நகர்ந்தது. மெதுவாக. உள்பக்கமாக.

கன்னத்தில் ஈரம். துடைத்தான். போகவில்லை.

கைகழுவும் தொட்டிக்கு மேல் ரசம் போன கண்ணாடி. போனான். பார்த்தான்.

வெளியே செருப்புச் சத்தம். கதவுக்கு அப்பால் கமலவேணியின் குரல்.

"கெடச்சிதாப்பா?"

கண்ணாடியில், அவன் இடக்கண்ணிலிருந்து தாடை வரை இரண்டு இழைகள். ஒன்றின் நடுவில், அவன் கையால் போட்ட முறுக்கு.