லியோன் கேட்ட மூன்றாவது கேள்வி

"மாதாவே...!"

அன்ரனிற்றா போட்ட சத்தத்தில் ஏழு பிள்ளைகள் ஒரே நேரத்தில் திரையிலிருந்து தலை தூக்கினார்கள்.

அந்த அறையில் இப்படியொரு அதிசயம் நடந்தது அதுவே முதல் தடவை!

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு தமிழ்ச் சங்கம் நடத்தும் பின்னேர வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்ய எட்டுக் கணினிகள். கண்காணிக்க ஒரே ஒருத்தி... அன்ரனிற்றா.

எட்டாவது கதிரை காலி!

திரையில் ஜெர்மன் மொழியில் ஒரு செய்தி.

'நாலு மணிக்கு எதிரே உள்ள ட்ராம் தரிப்பிடத்துக்கு வா. தனியாக. ஒருவருக்கும் சொல்லாதே. லியோன்.'

மணி மூன்று ஐம்பத்தேழு.

"நிலக்சி எங்கை?"

"வெளியிலை போயிட்டாள், அன்ரி."

"பதினொரு வயசுப் பிள்ளை வெளியிலை போறாள்... ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையோ?"

"அவள் உங்களை மூண்டு தரம் கூப்பிட்டவள் அன்ரி. நீங்கள்தான் 'பொறு, பதிவு எழுதுறன்' எண்டனீங்கள்."

அன்ரனிற்றா கையிலிருந்த பதிவுக் கோப்பைப் பார்த்தாள்.

பதிவு! சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் மகத்தான கண்டுபிடிப்பு. எந்தப் பிள்ளை இணையத்தில் எதைப் பார்க்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் எழுதி முடிக்கப் பதினொரு நிமிடம் பிடிக்கும்.

பிள்ளைகளைப் பார்க்கத்தான் நேரம் கிடைக்காது!

பக்கத்து அறைக்குப் பாய்ந்தாள். செயலாளர் பென்ஜமின் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பென்ஜமின்! நிலக்சியை எவனோ இன்டர்நெற்றிலை பிடிச்சுக் கூப்பிட்டிருக்கிறான்! பொலிசுக்கு ஃபோன் அடியுங்கோ!"

"பொலிசோ? பதட்டப்படாதேங்கோ அக்கா. முதல் தலைவருக்கு அறிவிக்கோணும். பிறகு ஒரு அவசரக் கூட்டம்..."

"கூட்டமோ? அந்தப் பிள்ளையைக் கொண்டு போனாப் பிறகோ?"

பென்ஜமின் ஃபோனைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"தலைவர் ஃபோன் எடுக்கிறாரில்லை அக்கா... அப்ப கூட்டமும் வைக்க ஏலாதே!"

"அப்ப தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு மற்றப் பிள்ளையளையெண்டாலும் பாருங்கோ!"

ஓடினாள். படிகளில் பாதியைத் தாண்டித்தான் இறங்கினாள். கையில் பதிவுக் கோப்பு... அதை வைத்துவிட்டு வரக்கூட நேரமில்லை. நாலரைக்குக் கையெழுத்து வைத்துப் பிள்ளையைக் கூட்டிப்போக நிலக்சியின் தாய் வந்து நிற்பாள். என்ன சொல்வது?

ட்ராம் தரிப்பிடம்.

பிள்ளையைக் காணவில்லை!

ரிக்கற் மெசினுக்குப் பின்னால் ஒருவன் மட்டும் நின்றான். கம்பளித் தொப்பி. கறுப்புக் கண்ணாடி. மூக்கு வரை சால்வை. இந்த வேசத்தில் நின்றால் ஒருவருக்கும் சந்தேகம் வராது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்!

"பிள்ளை எங்கையடா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு வருடப் பதிவும் மொத்தமாக அவன் தலையில் இறங்கியது.

"ஐயோ அம்மா!"

அன்ரனிற்றா திகைத்தாள். அடி வாங்கிய கள்வன் தமிழில் கத்துகிறான்!

அதற்குள் இரண்டு பொலிஸ்காரர் பாய்ந்து அவனை மடக்கினார்கள். கண்ணாடி விழுந்தது. சால்வை நழுவியது...

தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா!

"தங்கச்சி, இந்தப் பொலிசுக்குச் சொல்லும்! லியோன், பன்ரண்டு வயசு எண்டு பொய்யாக் கணக்குத் திறந்தது நான்தான்! சும்மா ஒரு சோதினை!"

"ஆருக்குச் சோதினை?"

"உமக்குத்தான்... பிள்ளை வெளிக்கிட்டு வந்தால், உம்மட கண்காணிப்புச் சரியில்லை எண்டு கூட்டத்திலை வைக்கலாமெண்டு..."

"என்னை வேலையாலை நிப்பாட்ட, ஒரு குழந்தையை றோட்டுக்குக் கூப்பிட்டனீங்களோ?"

"அன்ரி!"

அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு பொலிஸ்காரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து நிலக்சி எட்டிப் பார்த்தாள். கையில் பாதி கடித்த பிரெட்செல். அன்ரனிற்றா அவளை இழுத்து அணைத்ததில் மீதிப் பாதியும் நசுங்கியது.

"நான் இவரிட்டை வரேல்லை அன்ரி. கீழை லைப்ரரி மிஸ்ஸிட்டைத்தான் போனனான். அவாதான் பொலிசுக்கு அடிச்சவா. இது சின்னப் பொடியன் இல்லையெண்டு எனக்கு முதலே தெரியும்."

"எப்பிடியடி?"

"லியோன் கேட்ட முதல் கேள்வி, 'உன்ரை பேர் என்ன?' ரெண்டாவது, 'என்ன கேம் விளையாடுவாய்?' மூண்டாவது... 'அப்பா யாழ்ப்பாணத்திலை எவடம்? அம்மா ஆரின்ரை மகள்?' எந்த லியோன் அன்ரி இப்பிடிக் கேப்பான்?"

பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவருக்கு எல்லாம் விளங்கியது.

"கை பழகிப்போச்சு..." என்று முனகினார். "தங்கச்சி... என்னை விடச் சொல்லும்!"

அன்ரனிற்றா மூச்சை இழுத்து விட்டாள்.

"பன்ரண்டு வயசுப் பிள்ளையைத் தாய் தேப்பன் வந்து கையெழுத்து வைக்காமல் எப்பிடி அண்ணை விடுறது?"