டேங்க் நிறைய வம்பு

"யாரு உங்களைப் பெட்ரோல் போடச் சொன்னது?"

விமானத்தின் இறக்கைக்குப் பக்கத்தில் ஏணியில் நின்றிருந்தவன் திரும்பினான். கையில் பெட்ரோல் குழாய், தலையில் வெளுத்துப் போன தொப்பி. அதற்குக் கீழே... மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில் இரண்டு கண்கள்.

லினெட்டுக்கு ஒரு நொடி கோபம் மறந்து போனது. ஒரே ஒரு நொடிதான்.

"யாரும் சொல்லலைங்க. பம்ப்காரர் பல் டாக்டர்கிட்ட போயிருக்கார். உங்க டேங்க் பாதிதான் இருந்துச்சு. சரி, ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..."

"உதவியா? என் தலையில கல்லைப் போட்டுட்டீங்க! அது பாதியா இருந்ததே கணக்குப் பண்ணித்தான். உள்ளே உட்கார்ந்திருக்காரே ஹார்லன் சார், அவரைப் பார்த்தீங்களா?"

அவன் எட்டி அலுவலகக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். தேர்வாளர் ஹார்லன் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயய்யோ..." என்றான்.

விமானம் இரண்டே பேர் உட்காரும் வாடகை வண்டி. முழு டேங்க்கோடு அவரையும் ஏற்றினால் எடை வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் தேர்வே கிடையாது.

அந்தத் தேர்வுக்காக லினெட் ஸ்வோபோடா மூன்று வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிக் காசு சேர்த்திருந்தாள். அவள் பறக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது தேர்வுக் கட்டணம் நானூறு டாலர். இன்று ஆயிரம். நெப்ராஸ்காவின் இந்த மூலைக்கு ஹார்லனை விட்டால் வேறு தேர்வாளர் இல்லை. வாய்மொழிப் பகுதி இப்போதுதான் நல்லபடியாக முடிந்திருந்தது. பறந்து காட்டிவிட்டால் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் சான்று கையில். திங்கட்கிழமை முதல் எண்ணெய்க் குழாய்ப் பாதையின் மேல் பறந்து காவல் பார்க்கும் வேலை காத்திருந்தது. சான்று இல்லாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ.

"கேனைக் கொண்டு வாங்க. வடிக்கணும்" என்றாள்.

இறக்கைக்கு அடியில் இருந்த சின்ன வால்வைத் திறந்தார்கள். நீலச் சாயம் கலந்த விமானப் பெட்ரோல் நூல் போல இறங்கியது. சீக்கிரம் இறங்கு என்றால் அது கேட்கிறதா என்ன?

"என் பேரு எம்மெட். வயலுக்கு மருந்து அடிக்கிற விமானம் ஓட்டுறேன். எங்களுக்கு டேங்க் நிரம்பினாத்தான் நிம்மதி."

"என் நிம்மதி போச்சு."

"நீங்க?"

"லினெட். ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். தினம் அறுபது குரங்குங்க. அதுக்கு விமானம் எவ்வளவோ தேவலை. சீட்டுல யாரும் சூயிங்கம் ஒட்ட மாட்டாங்க."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டாள். குளிர்ந்த பெட்ரோல் பட்டு இருவர் விரல்களும் சிவந்திருந்தன. கேன் மாற்றும்போது ஒரு தரம் விரலோடு விரல் பட்டது. குளிரா அது?

கடைசி கேன் நிறைந்தபோது அவள் இமையில் ஒரு துளி விழுந்தது.

மழை!

மேற்கிலிருந்த மேகம் ஊரின் தானியக் கோபுரத்தின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹார்லன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்.

"போறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணும்மா. இன்னைக்கு நீதான் கேப்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"தப்பு என்னோடது" என்றான் எம்மெட். "மறுபடி தேர்வு வைக்க ஆகுற காசை நான் கட்டிடறேன்."

"பஸ் ஓட்டிச் சேர்த்த காசுல வந்தவ நான். தானம் வாங்கிப் பறக்க மாட்டேன்." அவள் மேகத்தையே பார்த்தாள். "தாழ்வாப் பறந்தா சமாளிச்சுடலாம்..."

"போகாதீங்க."

"சொல்றதுக்கு நீங்க யாரு? உங்களாலதானே லேட்டு!"

"ஆமா, என்னாலதான். திட்டுங்க... ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க. போக மட்டும் போகாதீங்க."

அவன் குரல் நடுங்கியது. அவள் திரும்பி அந்தக் கண்களைப் பார்த்தாள். பிறகு கோபுரத்தைப் பார்த்தாள். அதன் பாதியைக் காணவில்லை.

ஆயிரம் டாலர்... திங்கட்கிழமை... விடுவிடுவென்று அலுவலகத்துக்குள் போனாள்.

"சார், இன்னைக்கு நான் பறக்கலை."

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தார். "பறக்கிறேன்னு சொல்லியிருந்தா அங்கேயே ஃபெயில் போட்டிருப்பேன். வாய்மொழித் தேர்வுல நீ பாஸ், அது அப்படியே நிக்கும். நான் திரும்ப இங்க வந்தா அறுநூறு. சனிக்கிழமை நீயே என் ஊருக்கு வந்தா முன்னூறு. நாலு மாவட்டத்துக்கு நான் ஒருத்தன்மா. திட்டு வாங்காத நாளே இல்லை. இதுக்குக் கீழே எனக்குக் கட்டாது."

"நாளைக்குப் பேஸ்பால் பசங்களுக்கு பஸ் ஓட்டினா பாதி வந்துடும் சார். மீதியைப் பார்த்துக்கறேன்."

வாசலில் எம்மெட் நனைந்தபடி நின்றான். "சனிக்கிழமை கூட வரட்டுமா? காசை நீட்ட மாட்டேன். சாப்பாடு மட்டும் கொண்டு வரேன்."

லினெட் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க எடை எவ்வளவு?"

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஹார்லன் ஊரின் ஓடுபாதை ஓரத்தில், மடியில் ரன்சா என்ற இறைச்சி அடைத்த ரொட்டிப் பொட்டலம் ஆறிப்போக, எம்மெட் அண்ணாந்தபடியே உட்கார்ந்திருந்தான். விமானம் வட்டமடித்தது... தாழ்ந்தது... புல்லில் விழும் இறகு போலத் தரையைத் தொட்டது.

முதலில் இறங்கிய ஹார்லன், "பொட்டலத்தை இப்படிக் கசக்குறியேப்பா, அவ பாஸ்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லினெட் நடந்து வந்தாள். கண் நிறைய நீர், முகம் நிறைய சிரிப்பு.

"இனிமே தினமும் பறப்பீங்க" என்றான் எம்மெட். "நான் தினமும் மேகத்தைப் பார்த்துப் பயப்படணும்."

"நீங்க ஏன் பயப்படணும்?"

"வியாழக்கிழமை காலை வரைக்கும் உங்க பேர்கூட எனக்குத் தெரியாது. அந்த மழையில நின்னப்ப, இவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன ஆவேன்னு இருந்துச்சு. ரெண்டு ராத்திரியா தூக்கமில்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு லினெட். ரொம்ப..."

அவள் தலை குனிந்தாள். காற்றில் ஒரு முடிக்கற்றை கன்னத்தில் புரண்டது.

"அன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டு நான் நிக்கலை. மேகத்தைப் பார்த்துத்தான் நின்னேன். அது தெரியணும் உங்களுக்கு."

"தெரியும்."

"ஆனா..." குரல் தாழ்ந்தது. "எவ்வளவு செலவாச்சு, எப்ப முடிப்பேன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. போகாதேன்னு யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்டதுல இருந்து... நான் மேலே போறப்பல்லாம் எனக்காகக் கீழே ஒருத்தர் பயந்துகிட்டு நிக்கணும்னு ஆசையா இருக்கு."

நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"நிப்பீங்களா?"