பச்சை விழுந்த மருந்து

ஏழாம் வார்டில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள்: மருந்து தயாரிக்கும் பிரமநாயகி, செவிலியர் ஜெபராணி, மருந்தகத் தலைவர் காஜா மைதீன், காலில் அறுவை முடிந்து படுத்திருந்த நல்லசிவம். சுவரில் கவனமானி இருந்தது.

மருந்து தயாரிப்பவர், சரிபார்ப்பவர் இருவரின் கண்ணையும் அது அளக்கும். பார்வை குப்பியின் மேலோ ஊசியின் மேலோ ஊன்றி நின்றால் பச்சை விளக்கு. விலகினால் சிவப்பு. தயாரித்த மருந்து நோயாளிக்கு ஏறி முடியும்முன் சிவப்பு விழுந்தால், தக்க காரணம் காட்டாதவருக்கு வேலை போகும். கவனமானி வந்த ஆறு ஆண்டுகளில் மருந்துப் பிழை ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

பிரமநாயகியின் வீட்டுக்குக் கம்பவுண்டர் வீடு என்று பெயர். மூன்று தலைமுறையாக அளவு தவறியதாக ஒரு பேச்சு அந்த வாசலுக்கு வந்ததில்லை.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரினை அவர் ஊசியில் எடுத்தார். பச்சை. ஜெபராணி சரிபார்த்தாள். அதற்கும் பச்சை. அவள் ஊசியோடு கட்டிலுக்குப் போனாள்.

பிரமநாயகிக்கு ஒரு சந்தேகம் வந்தது. குப்பியில் இருந்த எண்ணைப் படித்தோமா, விளக்குக்காக வெறுமனே முறைத்தோமா? வெறும் சுவரைப் பார்த்தபடி யோசித்தார். சிவப்பு விழுந்தது.

"என்னக்கா, பராக்குப் பாத்துட்டு நிக்கீங்க? செவப்பு விழுந்துட்டு!" என்றாள் ஜெபராணி.

"ஏட்டி, ஏத்தாத. நில்லு."

கழிவுத்தொட்டியில் கைவிட்டுக் குப்பியை எடுத்தார். மில்லிக்கு ஆயிரம் யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் ஐயாயிரம்.

"நீ படிச்சியா?"

"பச்ச விழுந்துச்சேக்கா..."

"எனக்குப் போடுதீங்களா இல்லியா? கை வலிக்கி" என்றார் நல்லசிவம்.

காஜா மைதீன் பதிவைத் திறந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கும் பச்சை. அப்போ பிழையே நடக்கல. செவப்புக்கு மட்டும் தலைசுத்தல்னு எழுதிக் குடுங்கம்மா. வேலையும் நிக்கும், வீட்டுப் பேரும் நிக்கும்."

பிரமநாயகி நிமிர்ந்து நின்றார். "பொய் சொல்லி நிக்கிற பேரு எங்க வீட்டுக்கு வேண்டாம் சார். குப்பிய மாத்தி எடுத்தேன்னு எழுதுங்க. எல்லா வார்டுலயும் இப்பிடித்தான் படிக்காம முறைச்சிட்டு நிக்கோம்."

காஜா மைதீன் எழுதத்தான் முயன்றார். தயாரிப்பின்போது சிவப்பு விழுந்திருந்தால் மட்டுமே பிழைப் படிவம் திறக்கும். அது திறக்கவில்லை.

நல்லசிவம் நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். மற்ற வார்டுகளில் பச்சை தொடர்ந்து எரிகிறது.

பிரமநாயகி மருந்தை மாற்றிக் கலந்ததால் நீக்கப்பட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் சரியாகக் கலந்ததாகவே பதிவு இருக்கிறது. சுவரைப் பார்த்ததற்காக நீக்கப்பட்டார்.