வண்டி வந்துகொண்டிருக்கிறது

தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு, மூட நாதியில்லாமல், ஒரு சைக்கிள்கூடத் தாண்ட முடியாதபடி வாய் பிளந்து கிடந்த பள்ளத்தின் மேல், கைபேசித் திரையிலிருந்த அந்தச் சின்ன வெள்ளை ஆம்புலன்ஸ் கொஞ்சமும் குலுங்காமல் ஏறி இந்தப் பக்கம் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அந்த வண்டியை வரைந்ததே அவள்தான்.

ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற செயலி அது. அதன் திரைகளை வடிவமைப்பது அவளுடைய பிழைப்பு. வண்டி எங்கே இருக்கிறது என்ற தகவல் எப்போதாவது ஒருமுறைதான் வந்து சேரும். நடுவில் படம் அசையாமல் நின்றால் காத்திருப்பவர்கள் பதறி வேறு வண்டி தேடிப் போய்விடுகிறார்கள் என்று மேனேஜர் புலம்ப, தகவல் வராத நேரத்திலும் வண்டி மெல்ல ஊர்கிற மாதிரி அவள் செய்து கொடுத்தாள். இன்னும் இத்தனை நிமிடம் என்று காட்டும் எண் குறையலாம், நிற்கலாம், ஏறவே கூடாது. பார்த்தாலே நம்பிக்கை வருகிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். கேக்கெல்லாம் வெட்டினார்கள். பொய்க்குத்தான் என்ன ஒரு மரியாதை!

கட்டிலில் அவளுடைய அக்கா, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தாள். சாயங்காலம் மழை பிடித்ததிலிருந்து வீசிங். உள்ளே போகிற மூச்சு கதவிடுக்கில் காற்று நுழைவது போலக் கரகரத்தது. வெளியே வருகிற மூச்சு மெல்லிய விசிலாக நீண்டது. ஈரச் சுவரின் வாடையும் தைல நெடியும் கலந்து அறை கனத்துக் கிடந்தது. இன்ஹேலரை எத்தனை அழுத்தியும் வெறும் டிக் டிக்தான். சண்டை போடவும் சமாதானம் ஆகவும் அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே ஆள், உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் மேலே வந்து வாசலில் நின்றார். தன்னுடைய வேன் பின்பக்கச் சந்தில் நிற்கிறது, ஆளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டால் சுற்று வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார். அவள் செருப்பைக்கூடப் போட்டுவிட்டாள். அக்காதான் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"வண்டிதான்... வருதேடி. நீ செஞ்சது... தப்பாப் போகுமா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எப்படியும் பக்கத்தில் எங்கோதான் இருக்கும், படம் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், அவ்வளவுதானே என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. வேண்டாண்ணே, தெருவுக்குள் வந்துவிட்டது என்று அவரை அனுப்பி வைத்தாள். சற்று நேரத்தில் பின்சந்தில் அவருடைய வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. வேறு யார் வீட்டிலோ ஃபியூஸ் போயிருக்கும்.

வண்டி ஊர்ந்தது. மழை ஓட்டில் கொட்டியது. அக்காவின் விசில் நீண்டு, அறுந்து, மறுபடி தொடங்கியது. உதவி எண்ணுக்கு அடித்தாள். கவலைப்படாதீர்கள், நாங்கள் உங்களுடன் இருக்கிறோம் என்றது ஒரு தேன் குரல். அதுவும் அவள் எழுதிக் கொடுத்த வாக்கியம்தான். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவனை அழைத்தாள். சோடாபுட்டி என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் தேடியிருப்பான்.

"உங்க கேஸ் எந்த வண்டிக்கும் போகவே இல்லையே. எல்லாம் மழையில மாட்டிக்கிட்டு நிக்குது."

"எங்க தெருவுல வந்துட்டு இருக்குடா. கண்ணால பாக்குறேன்."

அவன் மறுபடி தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"பொய்யா ஓட்டுறதுக்கும் ஒரு நெஜ வண்டி வேணும். அது இல்லாம படம் நகராது. நீங்க எதைப் பாக்குறீங்க?"

இணைப்பைத் துண்டித்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்கு அடித்தாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. அறையில் சிக்னல் சரியில்லையோ என்று பால்கனிக்கு ஓடினாள். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் மழை கோடு கோடாக இறங்கியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. திரையில் வெள்ளை வண்டி அவர்கள் வீட்டு கேட்டுக்கு நேராக நின்றிருந்தது.

'வந்துவிட்டோம்.'

கீழே பார்த்தாள். வெறும் தண்ணீர். கேட் பூட்டியபடி இருந்தது. ஆனால் மழை வாசனைக்கு நடுவே டெட்டால் நெடி எழுந்தது. படிக்கட்டு வழியாக. மெதுவாக. மேலே.

உள்ளே அக்காவின் குரல் கேட்டது. விருந்தாளியிடம் பேசுகிற மரியாதைக் குரல்.

"வாங்க. இதோ, நானே எழுந்துக்கிறேன்."

திணறல் இல்லை. ஒரே மூச்சில் சொன்னாள்.

பிறகு விசில் நின்றது.

ஓடினாள். கட்டில் காலி. தலையணையில் குழி. தொட்டால் சூடு. வாசல் கதவு உள்தாழ் போட்டபடியே இருந்தது. குளியலறையில் இல்லை. சமையலறையில் இல்லை. அக்கா. அக்கா. கத்தினாள். அவள் குரலே அவளுக்கு வேற்று ஆள் குரலாகக் கேட்டது.

கைபேசி அதிர்ந்தது.

'ஏற்றிக்கொண்டோம். நோயாளி நிம்மதியாக இருக்கிறார்.'

இது அவள் எழுதியதில்லை. ஆனால் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

வண்டி திரும்பியது. பாதையில் போகவில்லை. வீடுகளின் மேல் போனது. குளத்தின் மேல் போனது. நிறுத்துகிற பொத்தானைத் தேடினாள். மேலே, கீழே, ஓரத்தில். இல்லை. கண்ணில் பட்டால் ஜனங்கள் அமுக்கிவிடுகிறார்கள் என்று அதை எடுத்துவிட்டதும் அவள்தான்.

கைபேசியிலிருந்து மெலிதாக ஒரு சத்தம். காதோடு வைத்தாள். விசில். உள்ளே கரகரப்பு. வெளியே விசில்.

வண்டி ஊரைத் தாண்டியது. பிறகு தெருப் பெயர்கள் இல்லை. தெருக்களே இல்லை. வெறும் சாம்பல் வெளி. அவள் வரையாத இடம். இரண்டு விரலால் திரையைச் சுருக்கிப் பார்த்தாள். இன்னும் சுருக்கினாள்.

சாம்பலில் இன்னொரு வெள்ளை வண்டி. அதன் பின்னால் ஒன்று. சுருக்கச் சுருக்க வண்டிகள். அரிசி இறைத்த மாதிரி வண்டிகள். அத்தனையும் குலுங்காமல், ஒரே சீராக, எந்த ஆஸ்பத்திரியும் இல்லாத திசையில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். அதில் அக்காவுடைய மூச்சு எதுவென்று அவளால் பிரித்துக் கேட்க முடியவில்லை.